வெறும் நிமிஷம்

“நாற்காலியா இருக்காதும்மா. அதைத்தான் போன மாசமே மாத்தியாச்சே.”

“அப்ப குழாயா?”

“இந்தச் சுவத்துக்குப் பின்னாடி குழாயே கிடையாது.”

“குழாயும் இல்ல, நாற்காலியும் இல்ல. பின்ன என்ன, புத்தகத்துக்குத் தாகம் எடுத்துத் தண்ணி குடிக்குதா?”

முதலாளியம்மா கையிலிருந்த கடிதத்தால் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டே கேட்டார். எதிரே நின்றவருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. ஆனால் பத்தொன்பது வருடமாகக் குரல்களை வெட்டி ஒட்டுகிற மனிதரை அந்த அலுவலகம் வேறெப்படிக் கூப்பிடும்? அதே வழக்கப்படி வாசிக்கிறவளுக்கு ‘வாசிப்பு’ என்று பெயர். அவள் இருவருக்கும் பின்னால், கதவோரமாக, கைப்பையை வயிற்றின் வலப்பக்கத்தோடு சேர்த்து அணைத்தபடி நின்றிருந்தாள்.

அது ஒலிப்புத்தகம் செய்கிற இடம். நடுவில் தடித்த கண்ணாடி. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மைக். இந்தப் பக்கம் கத்தரியும் அவருடைய கணினியும். அங்கே அவள் வாசித்து முடித்த கடைசிப் புத்தகம் அறுநூறு பக்க மொழிபெயர்ப்பு நாவல். ஆற்றுத் தூக்குப் பாலத்துக்குக் காவலிருக்கும் ஒருத்தியின் கதை. அதிகம் பேசமாட்டாள். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவாள், போனால் இறக்குவாள். புத்தகம் முழுக்க அவள் பேசாமல் நிற்கிற இடங்களே அதிகம். அந்த இடங்களில்தான் வினை.

“படிக்கிறேன், கேளுங்க,” என்றார் முதலாளியம்மா. கடிதம் பதிப்பகத்திலிருந்து வந்திருந்தது. “‘கதாநாயகி கண்ணீரை அடக்கிக்கொண்டு மௌனமாக நிற்கும் இடங்களில் யாரோ மடக் மடக்கென்று எதையோ விழுங்குகிறார்கள். முப்பத்தேழு இடங்களில் எண்ணினோம். அவளுடைய கணவர் பிணமாக மிதந்து வரும் இடத்தில் இது மிகவும் கேவலமாக இருக்கிறது.’ கேவலமா இருக்காம். போடுங்கண்ணே, அந்த இடத்தை.”

கத்தரி போட்டார். பாலக்காரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள் என்று வாசிப்பின் குரல் சொல்லி நின்றது. மௌனம் வந்தது. மௌனத்துக்கு நடுவில், க்ளொக் என்று ஒரு சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு குளுகுளு என்று இன்னொன்று.

வாசிப்பின் காது மடல்கள் கொதித்தன. ஒருமுறை கேட்டாலே அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குப் பிள்ளை அழுகிற சத்தம் தெரியாதா?

“முப்பத்தேழு இடம்ணே. ஒண்ணுகூடவா உங்க காதுல விழல?”

“விழலம்மா. என் தப்புதான்.”

“வயசாயிடுச்சுன்னு நான் சொன்னா எனக்கே வருத்தமா இருக்கும். நீங்களே யோசிச்சுப் பாருங்க.” முதலாளியம்மாவின் குரல் இறங்கியது. கோபத்தைவிட அந்த இறக்கம் மோசமாக இருந்தது. “திங்கக்கிழமை வேற ஆள் வர்றாரு. நீங்க மாடியில பழைய ஒலிநாடாவையெல்லாம் அடுக்கிப் பேர் ஒட்டற வேலையப் பாருங்க. நாளைக்கு மட்டும் உக்காந்து அந்த வெறும் நிமிஷத்தைப் புதுசா எடுத்து, முப்பத்தேழையும் மாத்திக் கொடுத்துடுங்க.”

கத்தரி தலையாட்டினார். கொசு பறந்தால் அது ஆணா பெண்ணா என்று கேட்டே சொல்லிவிடுவார் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். அந்தக் காதோரத்து நரைமுடியை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வாசிப்பு வாயைத் திறந்தாள். திறந்த வாயால் ஒரு கொட்டாவி விட்டாள்.

வெறும் நிமிஷம் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். எந்த அறையும் சும்மா இருப்பதில்லை. காதுக்கு எட்டாமல் அதற்கென்று ஒரு மூச்சு இருக்கும். வாசிப்புக்கு நடுவில் மௌனம் வேண்டுமென்றால் ஒலியை அறவே எடுத்துவிட முடியாது; கேட்கிறவனுக்குச் சட்டென்று காது அடைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல்நாள், வாசிக்கிறவர் உள்ளே அசையாமல் உட்கார, ஒரு நிமிடம் ஒன்றுமில்லாததைப் பதிவு செய்வார்கள். பிறகு அந்த நிமிடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மௌனம் வருகிற இடங்களிலெல்லாம் கத்தரி வரிசையாக ஒட்டிக்கொண்டு போவார்; தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்த வேலைக்கு அவர் காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. ஒரு கையில் தேநீர், மறு கையில் கணினியின் சுட்டெலி. ஒன்றுமில்லாததை யார் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பார்கள்?

பாலக்காரி நாவலின் முதல்நாள், அந்த நிமிடத்தின் பாதிக்கு மேல் யாரோ அழைக்கக் கத்தரி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவுப்பக்கம் எட்டிப் பார்த்தார். சரியாக அப்போதுதான் அது பேசியது. க்ளொக். குளுகுளு. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திப் புருவத்தைத் தூக்கினார். சரியா?

அவளும் கட்டைவிரலைத் தூக்கினாள். சரி.

‘இன்னொரு தடவை எடுத்துக்கலாம்ணே’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொன்னால் ‘ஏன்’ என்று கேட்பார். அந்த ஒரு ‘ஏன்’னுக்குப் பயந்துதான் விரலைத் தூக்கினாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு கண்ணாடிதான்.

*

“வாயாடி இன்னிக்கு என்ன சொன்னா?” என்று கேட்டபடி வாசிப்பின் தங்கை குளியலறைக்குள் வந்தாள்.

சாயங்கால வெளிச்சம் மேல் சன்னலில் இருந்தது. அக்கா சட்டையைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, வளைந்த முனையுள்ள சிறு கத்தரிக்கோலால் புதுப் பையின் ஒட்டுப்பட்டையில் ஓட்டையை வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள். தங்கை கண்ணாடியை வாகாகப் பிடித்தாள். வயிற்றின் வலப்பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, கீழுதட்டின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்ன மொட்டு. அவளுடைய சிறுகுடலின் நுனி. ஸ்டோமா என்றார் மருத்துவர். தங்கை ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் பிறர் வாயைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். முதல் தடவை பார்த்தபோதே, “எனக்குப் பிடிச்ச வாய் இதுதான். பல்லே இல்ல,” என்றாள். சமயசந்தர்ப்பம் தெரியாமல் அது பேச ஆரம்பித்ததும் வாயாடி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

ஏழு வருடம் க்ரோன்ஸ் நோய் அவளைத் தின்றது. குடலில் புண், வலி, ரத்தம், ஒரு நாளில் இருபது தடவை ஓட்டம். நகரத்தில் எந்தத் தெருவில் எந்தக் கடையின் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதுவரை மனப்பாடம். மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டபோது அறுவைசிகிச்சை செய்து, குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்து, கழிவு விழ அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். இப்போது வலி இல்லை. ஓட்டம் இல்லை. பை மூன்றிலொரு பங்கு நிறைந்தால் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். உயிர் பிழைத்த கதைதான் அது. ஆனால் பிழைத்ததை ஊருக்குச் சொல்ல முடியாத பிழைப்பு.

அலுவலகத்தில் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லியிருந்தாள். அதற்கு அனுதாபம் கிடைக்கும், பழம் கிடைக்கும், யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். முதல் மாதம் பேருந்தில் பையின் விளிம்பு ஒரு தடவை பிரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண்மணி மூக்கைச் சுளித்துச் சன்னலைத் திறந்தார். அவரை முந்திக்கொண்டு இவளே முகத்தைச் சுளித்து, யாரையோ தேடுவதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கால் கூசும்.

இப்போது இரண்டாவது கிழவர்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. “சொல்லித் தொலையேன். நீ கொலையா பண்ணிட்டே?”

“என்னன்னு சொல்றது? என் வயித்துல ஒரு வாய் இருக்கு, அதை என்னால மூட முடியாதுன்னா?”

“ஊர் வாயையே மூட முடியல. இதை மூடலன்னா குத்தமா?”

“உனக்கென்ன, சுளுவாச் சொல்லிடுவே. நாளைக்கு நான் தண்ணி குடிச்சாக்கூட எல்லாரும் என் இடுப்பைப் பாப்பாங்க.”

“பாக்கட்டும். பாத்துப் பாத்து அலுத்துப்போய் வேற வேலையப் பாப்பாங்க.” தங்கை கண்ணாடியை இறக்கினாள். “அது சரி, வாசிக்கிற அன்னிக்கெல்லாம் முந்தின நாள் சாயங்காலத்துலேருந்து பட்டினி கிடக்கியே, நர்ஸ் என்ன சொன்னாங்க? வயிறு காலியா இருந்தா காத்துதான் சேரும், அப்பத்தான் அதிகமாக் கத்தும்னு சொன்னாங்களா இல்லியா? கேட்டியா?”

கேட்கவில்லைதான். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் பேசாது என்பது அவளுடைய சொந்த விஞ்ஞானம். பதினான்கு மாதமாகப் பட்டினி கிடந்து வாயாடிக்கு அவளே தொண்டையைத் தீட்டிக் கொடுத்திருக்கிறாள்.

“நாளைக்குச் சொல்லிடறேன்,” என்றாள். ஒட்டுப்பட்டையை உள்ளங்கையால் அழுத்தி, சூட்டில் அது பிடிக்கும்வரை கையை எடுக்காமல் நின்றாள்.

*

காலையில் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனாள். வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாள். குரலை விற்றுச் சாப்பிடுகிறவள். எந்தச் சொல்லில் மூச்சு விட வேண்டும் என்பதுவரை குறித்துக்கொண்டாள். முதலாளியம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் குறிப்பெல்லாம் பறந்துவிட்டது.

“மேடம், அந்தச் சத்தம்... நாற்காலி இல்ல. அது என் வயித்துலேருந்து...”

முதலாளியம்மா ஒரு நொடி விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அட, பசியா? அதைச் சொல்றதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே? நான் என்னமோ வேலையை விடப் போறியோன்னு பயந்துட்டேன்!”

கதவு திறந்து கிடந்தது. ஒரு எட்டு வைத்தால் உண்மை, ஒரு எட்டு பின்னால் வைத்தால் பசி.

“ஆமா மேடம்,” என்றாள் அவள். “பசிதான்.”

முதலாளியம்மா இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தார். நல்ல மனுஷி. அதுதான் வேதனை. “இனிமே சாப்பிடாம மைக் முன்னாடி உக்காரக் கூடாது, ஆமா.”

“அப்ப அண்ணனை... அவர் மேல தப்பில்லையே மேடம்?”

சிரிப்பு அடங்கியது. முதலாளியம்மா இழுப்பறையை மூடினார். “இப்பத்தான் எனக்கு இன்னும் கவலையா இருக்கு. குழாய்னா எங்கியோ இருக்கும், நாற்காலின்னா கிறீச்சுன்னு ஒரு தடவை போயிடும். எதிர்ல உக்காந்திருக்கிற பொண்ணு வயித்துல பசி கத்தறதுகூடவா ஒரு மனுஷனுக்குக் கேக்கல? பாவம், நிஜமாவே காது போயிடுச்சு.”

அரைகுறை உண்மை, முழுப்பொய்யைவிடக் கூர்மையாக இருந்தது. அது போய் அவர் காதைத்தான் அறுத்தது. பிஸ்கட் பொட்டலம் கையில் நொறுங்க, அவள் வெளியே வந்தாள்.

கத்தரி கணினியில் எதையோ அழிப்பதற்குத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்ததும் திரையைச் சட்டென்று மாற்றினார். மாற்றுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ‘காத்து’ என்று ஒரு கோப்புறை. உள்ளே வரிசை வரிசையாகத் தேதிகள்.

“என்னண்ணே அது?”

“ஒண்ணுமில்ல. புதுசா வர்றவன் கண்ணுல படவேண்டாம்னு அழிக்கறேன்.”

“போடுங்களேன்.”

“வேணாம், விடு.”

“அண்ணே, போடுங்க.”

அவர் அவளைப் பார்க்காமல் போட்டார். க்ளொக். அடுத்தது. குர்ர்ர். அடுத்தது. ஒரு நீளமான பெருமூச்சு மாதிரி ஒன்று. சிறுசும் பெரிசுமாக, ஒரு நொடி, அரை நொடி. அறுநூற்றுப் பதினான்கு துண்டுகள். பதினான்கு மாதமாக வாயாடி பேசியதெல்லாம் ஒரு சொல் விடாமல் அங்கே இருந்தது. அவள் அந்த இடத்திலேயே உடுப்பில்லாமல் நிற்பதுபோல் உணர்ந்தாள். கைப்பையைத் தேடினாள். அது வெளியே நாற்காலியில் இருந்தது. பிஸ்கட் பொட்டலத்தைக் கொண்டு வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

“தெரியுமா உங்களுக்கு?”

“கேக்கறது தெரியும். என்னன்னு தெரியாது.” அவர் தலையைச் சொறிந்தார். “ஒரு நாள் வாசிப்புக்கு நடுவுல நீ வயித்துல கைய வச்சு, ‘சும்மா இருடி’ன்னு மெதுவாச் சொன்னே. மைக் விடுமா? புள்ளைத்தாச்சி போலருக்குன்னு நெனச்சேன். எட்டாவது மாசம் வர்றதுக்குள்ள உனக்கு நல்ல நாற்காலியாப் போடணும்னு அம்மாகிட்ட சொல்லி வச்சேன். பத்து மாசமாச்சு, பன்னண்டு மாசமாச்சு, புள்ளையையும் காணோம், சத்தமும் குறையல. யானைக்குட்டியோன்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்துவிடுமோ என்று பயந்து இரண்டையும் விழுங்கினாள்.

“வெட்டினதை ஏன் வச்சிருக்கீங்க?”

“தொழில் பழக்கம். வெட்டினதைத் தூக்கிப் போடமாட்டேன். என்னிக்காவது திருப்பி ஒட்டுன்னு கேப்பாங்க.”

“நேத்தே இதை மேடத்துக்குப் போட்டுக் காட்டியிருக்கலாமே? உங்க காது எப்பிடிப்பட்ட காதுன்னு தெரிஞ்சிருக்குமே.”

கத்தரி இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். “என் சத்தமா இருந்தா போட்டிருப்பேன். இன்னொருத்தர் சத்தத்தை நான் எப்பிடிப் போட்டுக் காட்டறது?” மறுபடி திரையின் பக்கம் திரும்பினார். “அந்த வெறும் நிமிஷத்துல விட்டுட்டேன் பாரு. நீ விரலைத் தூக்கினியா, சரின்னுட்டேன். அதுவும் என் தப்புதான். கேட்டிருக்கணும்.”

அவர் குற்றம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். அவள் ஏதாவது சொல்வதற்குள் முதலாளியம்மா உள்ளே வந்துவிட்டார்.

“என்ன, ஆரம்பிக்கலாமா? வாசிப்பு, பிஸ்கட் சாப்பிட்டியா? நல்லா மென்னு சாப்பிடு, அப்புறம் போய் உக்காரு. நானும் கூடவே இருந்து கேக்கறேன்.”

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். கனத்த கதவு சாத்தியதும் வெளியுலகம் வாயசைப்பாகிவிட்டது. முதலாளியம்மா கத்தரியின் பின்னால் நின்று ஏதோ சொன்னார். ஒலிபெருக்கி இருப்பதால் அங்கே இருவருக்கும் இவள் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அவர்கள் பேசுவது, கத்தரி பொத்தானை அழுத்தினால்தான் இவளுக்குக் கேட்கும். அழுத்தினார்.

“வாசிப்பு, ஒரு நிமிஷம். ஒண்ணும் செய்யவேணாம். சும்மா இரு.”

சிவப்பு விளக்கு எரிந்தது.

எத்தனையோ மௌனங்களுக்காக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பாலக்காரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பதை வாசிக்கும்போதெல்லாம், எதையும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கம்பீரம் என்று நினைத்திருக்கிறாள். இப்போது தோன்றியது, பாலக்காரியும் யாரையாவது பலி கொடுத்துத்தான் பேசாமல் நின்றாளோ என்னவோ.

பத்து நொடி. இருபது. கத்தரி கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். இந்தத் தடவை ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று, தேர்வு எழுதுகிற பிள்ளை மாதிரி. இதற்கப்புறம் மாடியில் நாடாக்கள். நாடாக்களுக்குக் காது தேவையில்லை.

முப்பத்தைந்து. ரொட்டி தின்ற வாயாடி ஆச்சரியமாக அமைதியாக இருந்தாள். இன்னும் இருபத்தைந்து நொடி இப்படியே இருந்தால் நிமிடம் சுத்தமாகக் கிடைத்துவிடும். முப்பத்தேழு இடங்களும் சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும், நல்ல காதுள்ள ஒருவருக்குக் காது போய்விட்டது என்பதைத் தவிர.

நாற்பது.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சுவரின் பஞ்சுப் பட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கை தானாக வலப்பக்கம் போனது. போன கையை எடுத்து மடியில் வைத்தாள்.

“அண்ணே,” என்றாள். வாசிக்கிற குரல் இல்லை; வீட்டுக் குரல். “பதிவை நிறுத்தாதீங்க. பசின்னு மேடத்துகிட்ட சொன்னது பொய். எனக்குக் குடல்ல நோய் வந்து, வயித்துல ஓட்டை போட்டு வெளியே எடுத்து வச்சிருக்காங்க. பை மாட்டியிருக்கேன். அதுதான் கத்துது. அன்னிக்கு அது கத்தினது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விரலைத் தூக்கினேன்.”

பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. இருக்காது, பொத்தானை யாரும் அழுத்தவில்லை. கழுத்தின் பின்புறம் தீப்பட்டதுபோல் எரிந்தது.

“அந்தக் ‘காத்து’ இருக்குல்ல, அதை அழிக்காதீங்க. மேடத்துக்குப் போட்டுக் காட்டுங்க. அறுநூத்திப் பதினாலையும். என் சத்தம்தானே, நான் சொல்றேன், போடுங்க. நான் திரும்பிப் பாக்காம இப்பிடியே உக்காந்திருக்கேன். எல்லாம் முடிஞ்சதும் கண்ணாடிய ஒரு தட்டுத் தட்டறீங்களாண்ணே?”